காட்பாடியில் 12 சென்ட்: கீழே கடை, நடுவில் ஓட்டல், மேலே அறைகள் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: காட்பாடியில் சித்தூர் சாலையை ஒட்டி 12 சென்ட் காலி மனை, முகப்பு 50 அடி. தரைத்தளத்தில் நாலு கடை, முதல் மாடியில் ஓட்டல், அதற்கு மேல் இரண்டு மாடியில் வாடகை அறைகள். இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்துவிட்டார். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பிளானில் ஓட்டல் இருக்கும் இடமே தப்பு. கடை, ஆபீஸ், அறை மூன்றையும் எந்த மாடியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். ஓட்டல் அப்படியில்லை. புகை எந்த வழியாக மேலே போகும், எண்ணெய்த் தண்ணீர் எங்கே இறங்கும், சிலிண்டர் எங்கே நிற்கும், லாரித் தண்ணீர் எங்கே இறங்கும் என்ற நாலையும் ஓட்டல்தான் முடிவு செய்கிறது. அதை முதலில் வரைந்துவிட்டு மற்றதை மிச்ச இடத்தில் பொருத்த வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கட்டடம் எழும்பிய பிறகு ஓட்டல்காரர் வருகிறார், சுவரை உடைக்கிறார், ஒரே வருடத்தில் மேல்மாடிக்காரர்கள் காலி செய்கிறார்கள்.

முதலில் காகிதம். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு முடிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். புலப்படத்தை (எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம்) வாங்கி, தரையில் சங்கிலி பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் 50 அடி முகப்பு என்று இருக்கும். சாலை ஓரக் கல்லிலிருந்து அளந்தால் 47 அடி வரும். காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி என்று ஏரிகளும் அவற்றின் கால்வாய்களும் நிறைய. இன்று காய்ந்து கிடக்கும் ஓடை புலப்படத்தில் கோடாக இருந்தால் அது ஓடைதான், அனுமதியில் அங்கேதான் சிக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் தண்ணீர் கரைபுரண்டபோது எந்தெந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டே தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள்.

மனை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது அடுத்தது. முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலப் பயன்பாடு வகுத்திருப்பார்கள். சாலையோரம் இருப்பதால் மட்டும் அது வணிக மனை ஆகிவிடாது. சேர்க்காடு, சேவூர் போல மாநகராட்சிக்கு வெளியே போனால் ஊராட்சி முத்திரை வைத்த லேஅவுட்டை நம்பி வாங்கியவர்கள் ஏராளம். நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாத அந்த மனைகளில், 20.10.2016-க்கு முன் பதிவானவற்றுக்குத்தான் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் பொருந்தியது. வரன்முறை ஆணை கையில் இல்லாமல் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தால் கோப்பு நகராது.

கீழே கடை, மேலே குடியிருப்பு என்று மொத்தக் கட்டடத்துக்கும் கலப்புப் பயன்பாடாகவே அனுமதி கேளுங்கள். “வீடு என்று போட்டு வாங்கிவிடலாம், ஃபீஸ் குறையும், அப்புறம் ஷட்டர் வைத்துக்கொள்ளலாம்” என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். மிச்சமாவது கொஞ்சப் பணம். கட்டி முடித்ததும், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் என்று நாம் சொல்லும் கட்டட முடிவுச் சான்று வராது. அது இல்லாமல் வணிக மின் இணைப்பு இழுபறியாகும். ஓட்டல்காரருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் வங்கிக் கடனும் தடைப்படும். அனுமதிக்கு மாறான கட்டடத்தைப் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

இனி அளவு. 12 சென்ட் என்பது 5,227 சதுர அடி. 50 அடி முகப்பு என்றால் ஆழம் சுமார் 104 அடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு தளப் பரப்புக் குறியீடு 2. எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு, அதாவது காகிதத்தில் சுமார் 10,400 சதுர அடி கட்டலாம். இந்த எண்ணைக் கேட்டதும் எல்லாருக்கும் வாடகைக் கணக்கு மனதில் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் உங்கள் மனையில் எல்லை போடுவது அந்த எண் இல்லை, வண்டி நிறுத்தம்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும். 5 மீட்டர் என்றால் 16 அடி 5 அங்குலம். முன்னால் 15 அடி இடைவெளி விட்டு அங்கே காரைச் செங்குத்தாக நிறுத்தினால் ஒன்றரை அடி பின்பக்கம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரமே போக்குவரத்துப் போலீஸ் வந்து நிற்பார். ஆகவே முன்பக்கத்தை இரு சக்கர வண்டிக்கு விட்டுவிடுங்கள். மாணவர் கூட்டம் வரும் இடத்தில் அதுதான் அதிகம் வரும். கார்களைப் பின்னால் கொண்டுபோக ஒரு பக்கம் 12 அடி வழி வேண்டும், பின்னால் 20 அடி வேண்டும். மறுபக்கம் 6 அடி. மிஞ்சுவது 32 அடிக்கு 69 அடி, அதாவது ஒரு தளத்துக்கு 2,200 சதுர அடி. நாலு தளம் சேர்த்து 8,800. இதை வைத்துத்தான் வரவு செலவு போட வேண்டும். உங்கள் சாலை அகலத்துக்கும் கட்டட உயரத்துக்கும் விதி கேட்கும் இடைவெளி இதைவிடக் கூடுதலாக இருந்தால் இன்னும் குறையும். அது நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும் சாலை என்பதால் அகலப்படுத்தும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். சத்துவாச்சாரிப் பக்கம் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி மனை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு படி உண்டு: சாலையிலிருந்து உள்ளே நுழையும் வழிக்கே நெடுஞ்சாலை ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

32 அடி அகலத்தில் நாலு கடை போட்டால் ஒன்றுக்கு எட்டடிகூட உருப்படியாக நிற்காது. ஷட்டர் பெட்டி, தூண் எல்லாம் போனால் உள்ளே பெட்டிக்கடைதான். என் யோசனை: தரைத்தளத்தை இரண்டாகப் பிரியுங்கள். 20 அடி அகலம் ஓட்டலுக்கு, மிச்சம் ஒரே ஒரு நல்ல கடைக்கு. மருந்துக்கடையோ பேக்கரியோ சரியாக இருக்கும். முதல் மாடி டியூஷன் சென்டர், கிளினிக், ஆபீஸ் மாதிரி. அதற்கு மேல் அறைகள்.

ஓட்டலை ஏன் கீழே இறக்கச் சொல்கிறேன் என்றால், முதல் மாடி ஓட்டலுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பம் படியைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் சமையலறைத் தரை. தினமும் இரண்டு முறை வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கழுவும் தரை அது. அதற்குக் கீழே துணிக்கடை இருந்தால் மூன்றாவது வருடம் கூரையில் மஞ்சள் வட்டம் தெரியும். சமையலறை மண்ணின் மேல் உட்கார்ந்தால் அந்தச் சண்டையே இல்லை. கூடவே தரை தாங்கும் எடை. இந்தியத் தர நிர்ணயத்தில் வீட்டு அறைக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு சுமை கணக்கிடுகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கும் கடைக்கும் 400. வீடாக டிசைன் செய்த ஸ்லாபில் பிறகு ஓட்டல் நடத்தினால் உடனே ஒன்றும் இடிந்துவிடாது. ஸ்லாப் லேசாகத் தொய்ந்து, டைல்ஸ் ஓரங்களில் பிளவு ஓடும். ஆகவே தரைத்தளம் எதுவானாலும், முதல் மாடி ஸ்லாபை 400 கிலோவுக்கே டிசைன் செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு அங்கே ஜவுளிக்கடை வந்தாலும் கவலை இல்லை.

தரைத்தளக் கூரை உயரம் 13 அடி வையுங்கள். 10 அடியில் டக்ட் (புகை போகும் குழாய்), பீம், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் போக 7 அடிதான் மிஞ்சும். தரைமட்டம் சாலையிலிருந்து ஒன்றரை அடி. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் சாலை ஏறும், கட்டடம் ஏறாது. ஒன்றரை அடிக்குச் சக்கர நாற்காலிச் சரிவு 12-க்கு 1 என்றால் 18 அடி நீளம் வேண்டும். முன்னால் இருப்பது 15 அடிதான். நேராக வைக்க முடியாது. கடை முகப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்ட வேண்டும். பிளானில் இப்போதே போட்டுவிட்டால் அழகாக இருக்கும். விட்டுவிட்டால் கடைசியில் யாரோ ஒரு செங்குத்துச் சரிவைப் பூசிவிட்டுப் போவார்கள், அதில் ஸ்கூட்டர்கூட ஏறாது.

20-க்கு 69 அடி என்பது 1,380 சதுர அடி. சமையலறை, பாத்திரம் கழுவுமிடம், ஸ்டோர் சேர்த்து 500 சதுர அடிக்குக் குறைக்காதீர்கள். மீதியில் சுவர் கனம் போகச் சுமார் 850 சதுர அடியில் ஆளுக்கு 15 சதுர அடி என்று வைத்தால் 56 பேர் உட்காரலாம், நாலு பேர் மேசை 14. இன்னும் நாலு மேசை போடச் சமையலறையைச் சுருக்கினால், மதிய நேரத்தில் மாஸ்டரும் பாத்திரம் எடுப்பவரும் முட்டிக்கொள்வார்கள், ஆர்டர் தாமதமாகும், அந்த நாலு மேசையும் காலியாகவே இருக்கும்.

இனிப் புகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்மாடி வாடகை முழுக்க இதில்தான் நிற்கிறது. அடுப்பு வரிசை 9 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஹூட் (புகையைப் பிடிக்கும் உலோகக் கூடு) இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாக, 10 அடி இருக்க வேண்டும். அடி விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடியில். நம் ஊர் தோசைக்கல், வாணலி வேகத்துக்கு ஹூட்டின் ஓர் அடி நீளத்துக்கு நிமிடத்துக்கு 300 கன அடி காற்றை இழுக்க வேண்டும். 10 அடிக்கு 3,000 கன அடி. டக்டுக்குள் காற்று நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் போனால் எண்ணெய் ஆவி சுவரில் படியாமல் மேலே போய்விடும். 3,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 2 சதுர அடி: அதாவது 2 அடிக்கு 1 அடி டக்ட். இடம் இல்லை என்று ஓரடிக்கு ஓரடி குழாய் போட்டால் வேகம் இரட்டிப்பாகும், மோட்டார் திணறும், இரண்டாம் மாடி அறையில் இரவு பதினொரு மணி வரை உறுமல் கேட்கும். இடம் தாராளம் என்று 3 அடி அகலம் போட்டாலும் தப்பு: வேகம் குறைந்து எண்ணெய் உள்ளேயே கட்டும். ஓட்டல் டக்டில் தீ பிடிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டிய எண்ணெயில்தான்.

மின்விசிறியை சமையலறையில் வைக்காமல் மொட்டைமாடியில், டக்டின் கடைசியில் வையுங்கள். அப்போது டக்ட் முழுக்க உறிஞ்சும் நிலையில் இருக்கும். நடுவில் எங்காவது இணைப்பு விட்டாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, புகை அறைக்குள் வராது. விசிறிக்கு அடியில் ரப்பர் மவுண்ட் கட்டாயம். டக்டைப் பின்சுவரின் வெளிப்புறமாக நேராக மேலே கொண்டுபோங்கள்; வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு மாடியிலும் கழுவ ஒரு கதவு வேண்டும், அடியில் எண்ணெய் சொட்டும் கிண்ணம் வேண்டும். வாய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஆளுயரத்துக்கு மேல் முடிய வேண்டும். அந்தப் பக்கம் அறை ஜன்னல் வைக்காதீர்கள், கழிப்பறை வென்டிலேட்டர் மட்டும்.

இழுத்த காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 3,000 வெளியே போனால் 2,400-ஆவது வேறொரு விசிறி வழியாகச் சமையலறைக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தின் ஏசி காற்றை ஹூட் விழுங்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் அந்த மின் கட்டணத்தை யோசித்துப் பாருங்கள். வாசல் கதவு இழுத்துத் திறக்க முடியாமல் கனமாக இருந்தால், அடுப்பின் நீல நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்து எரிந்தால், இதுதான் காரணம்.

பிரியாணி ஓட்டலுக்கு விடுவதாக இருந்தால் தனிக் கவனம். ஆம்பூர், வாணியம்பாடிப் பாணியில் சீரகச் சம்பா தேக்சா (பெரிய பிரியாணிப் பாத்திரம்) ஏற்றுகிறவர்கள் விறகு அடுப்பும், மேலே தம்முக்குக் கங்கும் கேட்பார்கள். கேஸ் அடுப்பு ஹூட்டோடு விறகு அடுப்பை இணைக்கவே கூடாது. பொறி பறந்து எண்ணெய் படிந்த டக்டுக்குள் போகும். விறகுக்குத் தனிச் சிம்னி, தனி இடம். 12 சென்ட் மனையில் மேலே ஆள் தூங்கும் கட்டடத்தில் அதற்கு இடம் இல்லை என்பதே என் அபிப்பிராயம். தேக்சாவை வேறு இடத்தில் ஏற்றிக் கொண்டுவருகிறவருக்கு விடுங்கள், அல்லது கேஸில் செய்கிறவருக்கு.

சிலிண்டர் பின்பக்கத் திறந்தவெளியில், கம்பி வலைக் கூண்டில். 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. எரிவாயு சிலிண்டர் விதிகளில் 100 கிலோ வரை உரிமம் தேவையில்லை, ஆறாவது வந்தால் தாண்டிவிடும். கூண்டுக்குப் பக்கத்தில் சம்ப் (தரைக்கு அடித் தண்ணீர்த் தொட்டி) மூடியோ சாக்கடை வாயோ இருக்கக் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். படிக்கட்டுக்கு அடியில் வைப்பதை நாலு தெருவுக்கு ஒரு கட்டடத்தில் பார்க்கலாம். மேல்மாடிக்காரர்கள் தப்பிக்கும் ஒரே வழிக்குக் கீழே குண்டை வைப்பது போல அது.

தண்ணீர்க் கணக்கு. ஓட்டலுக்கு இருக்கைக்கு 70 லிட்டர்: 56-க்கு 3,920. அறைகளில் 24 பேர், ஆளுக்கு 135: 3,240. ஆபீஸில் 25 பேர், ஆளுக்கு 45: 1,125. மொத்தம் நாளுக்கு சுமார் 8,300 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்க, சம்ப் 12 அடிக்கு 8 அடி, தண்ணீர் ஆழம் 6 அடி வைத்தால் 16,300 லிட்டர் நிற்கும். காவிரி கூட்டுக் குடிநீரை நம்பி மட்டும் ஓட்டல் நடத்த முடியாது, போர் தண்ணீரும் லாரியும் வேண்டியிருக்கும். அதனால் சம்ப் மூடி லாரிக் குழாய் எட்டும் இடத்தில், பக்க வழியை ஒட்டி இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காபி மெஷினும் கெய்சரும் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு கட்டும். மொத்தத்துக்கும் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) போட வேண்டாம், சமையலறை லைனுக்கு மட்டும் போதும். லைனை ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள், ஒவ்வொரு வாடகைதாரருக்கும் தண்ணீர் மீட்டரோடு.

உள்ளே வந்த தண்ணீரில் எண்பது சதவீதம், 6,600 லிட்டர், வெளியேயும் போக வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு உங்கள் தெருவில் உயிரோடு இருக்கிறதா என்று மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்த்தே நம்புங்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டல் தண்ணீருக்கு முன்னால் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி வேண்டும். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது, அரை மணி நேரம் தங்கினால்தான் எண்ணெய் மேலே மிதக்கும் என்றால் 900 லிட்டர். 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடித் தண்ணீர் ஆழம் சரியாக வரும். உள்ளே மூன்று அறை, நுழைவிலும் வெளியேற்றத்திலும் தண்ணீருக்கு அடியில் இறங்கும் ‘T’ வடிவக் குழாய். வேலை செய்யாமல் போவது மூன்று காரணத்தால்: கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றுவது, அப்போது எண்ணெய் உருகித் தாண்டிப்போய் அடுத்த குழாயில் உறையும், சோற்றுக் கஞ்சியும் தோசை மாவும் வடிகட்டி இல்லாமல் இறங்கி அடியில் புளிப்பது, எவரும் மூடியைத் திறக்காதது. மேலே எண்ணெயும் அடியில் கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கைத் தொட்டதும் அள்ள வேண்டும். நடைமுறையில் வாரம் ஒரு முறை. கழிப்பறைக் குழாயை இந்தத் தொட்டியில் விடவே கூடாது. மழைநீர்க் கால்வாயில் ஓட்டல் தண்ணீரை விடுவது அபராதத்துக்கு நேர் வழி. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயையும் சாக்கடையில் கொட்டக் கூடாது, அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு விதியில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் எவ்வளவு கெட்டது என்று காட்டும் அளவு) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது.

மேல்மாடிக் கழிப்பறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே பக்கம் அடுக்குங்கள்; சமையலறைக்கு நேர் மேலே எதுவும் வேண்டாம். சன்கன் ஸ்லாபில் (கழிப்பறைக்காகத் தாழ்த்திப் போடும் ஸ்லாப்) டைல்ஸ் போடும் முன் 72 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மேஸ்திரி ஒரு நாள் போதும் என்பார். பெண்கள் தங்கும் விடுதியாக நடத்துவதானால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும், அதை வாடகைதாரர் தலையில் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்க முடியாது.

மின்சாரம்: ஒவ்வொரு பகுதிக்கும் தனி மீட்டர். வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கு ஒயர் இழுத்தால் மொத்தமும் வணிகக் கட்டணத்துக்கு மாறும், அபராதமும் சேரும். ஓட்டலுக்கு ஏசி, ஃப்ரீசர், கிரைண்டர், இரண்டு விசிறி, பாத்திரம் கழுவும் வெந்நீர் எல்லாம் சேர்த்து 30 கிலோவாட் ஆகிவிடும்.

யார் சாப்பிட வருவார்கள் என்பதை வைத்துத்தான் வாடகை. வேலூரில் ஒவ்வொரு மூலையும் வேறு ஊர் மாதிரி. சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோடு, பாபு ராவ் தெருவில் வங்காளிப் பலகைகளும் மீன் குழம்பும். நோயாளியோடு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள், காரம் குறைவாகக் கேட்பார்கள், வருடம் முழுக்க ஆள் இருக்கும். ஸ்ரீபுரம் பொற்கோயில் பக்கம் சைவம், வாரக் கடைசிக் கூட்டம். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம் என்பதால் வேலை நாள் மதியச் சாப்பாடு, ஞாயிறு ஈயாடும். உங்கள் காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம்; இரவு பத்து மணிக்கு மேல்தான் உண்மையான வியாபாரம், வட இந்திய, தெலுங்கு நாக்குகளுக்கும் சேர்த்து மெனு, ஆனால் செமஸ்டர் விடுமுறையில் தெரு காலி. சித்தூரிலிருந்து வந்து போகிறவர்களும் ரயில் நிலையக் கூட்டமும் அந்தப் பள்ளத்தை ஓரளவுக்குத்தான் நிரப்பும். அதனால் முழுக்க மாணவரை நம்பும் ஓட்டல்காரரைவிட, காந்தி நகர், கழிஞ்சூர்க் குடும்பங்களும் வந்து உட்காரும்படி நடத்துகிறவருக்கு விடுவது புத்திசாலித்தனம்.

ஓட்டல் வாடகை விற்பனையில் பத்து சதவீதத்தைச் சுற்றி இருந்தால் தாங்கும். கணக்குக்காக: 56 இருக்கை, நாளுக்கு மூன்று முறை நிரம்புகிறது, ஆளுக்கு 160 ரூபாய். நாளுக்கு சுமார் 27,000, மாதம் 8 லட்சம். தாங்கும் வாடகை 80,000. பக்கத்து மனைக்காரர் சொன்னதைக் கேட்டு நீங்கள் 1,20,000 கேட்டால் ஒரு வருடத்தில் கூடுதலாக வருவது 4,80,000. அந்த மனிதர் வருடக் கடைசியில் கைவிட்டு, அடுத்தவர் கிடைக்க நாலு மாதம், அவருக்கு உள்வேலைக்கு வாடகை இல்லாமல் இரண்டு மாதம் என்று போனால், 80,000 வீதம் இழப்பதும் அதே 4,80,000. போதாக்குறைக்கு உடைத்துப் போட்ட சமையலறை.

ஒப்பந்தத்தை 11 மாதம் என்று போடாதீர்கள். லட்சக்கணக்கில் உள்வேலை செய்கிற ஓட்டல்காரர் அதை ஏற்க மாட்டார், ஏற்பவரை நம்ப முடியாது. மூன்று வருடம் இரு தரப்பும் விலகாத காலம், மொத்தம் ஒன்பது வருடம், பத்திரப் பதிவோடு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். உள்ளே எழுத வேண்டியவை: டக்டை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது (மூன்று மாதம் என்று போடுங்கள்), தொட்டி அள்ளிய ரசீதைக் காட்டுவது, விறகு கூடாது, முன் இடைவெளியில் தகரக் கொட்டகை போடக் கூடாது, இரவு எத்தனை மணிக்கு விசிறி நிற்கும், காலி செய்யும்போது ஹூட்டும் டக்டும் யாருக்கு. கடைசி வரியில்தான் அட்வான்ஸ் திருப்பும் நாளில் சண்டை வரும்.

வரி: வணிக வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உங்கள் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நீங்களே பதிவு செய்து வசூலிக்க வேண்டும். நீங்கள் பதிவு செய்யாதவர், வாடகைதாரர் பதிவு செய்தவர் என்றால் 10.10.2024 முதல் அவரே அந்த வரியைக் கட்ட வேண்டும்; காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுவது) இருப்பவர்களுக்கு இதிலிருந்து பிறகு விலக்கு வந்தது. சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கும் ஓட்டல்காரர் கட்டும் அந்த 18-க்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது, அவருக்கு அது சுத்தமான செலவு. வாடகை பேசும்போது “ஜி.எஸ்.டி. தனியா, சேர்த்தா” என்று அன்றே பேசிவிடுங்கள்.

ஆக, வரிசை இப்படி மாறுகிறது. பட்டா, புலப்படம், நிலப் பயன்பாடு. பிறகு இரண்டு மூன்று ஓட்டல்காரர்களிடம் பேசி, ஒருவரது அடுப்பு வரிசை நீளத்தையும் இருக்கைக் கணக்கையும் காகிதத்தில் வாங்குவது. அதை வைத்துப் பிளானைத் திருத்துவது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் அனுமதி. அதன் பிறகே மேஸ்திரி. முதல் ஸ்லாபுக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் வண்டி வருவதற்கு முந்தின நாள், பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் சேர்த்து மேலே ஏற்றுங்கள். கழிவுக் குழாய்களுக்கும் ஏசி குழாய்க்கும் ஸ்லீவ் (ஸ்லாபில் குழாய் நுழைய விடும் உறை), பின்சுவரில் டக்ட் வெளியேற இரண்டரை அடிக்கு ஒன்றரை அடித் திறப்பும் அதற்கு மேல் லின்டலும் இருக்கிறதா என்று வரைபடத்தைக் கையில் வைத்து எண்ணிப் பாருங்கள். அன்று வைக்க மறந்த ஒரு ஓட்டையை ஆறு மாதம் கழித்துக் கோர் கட்டிங் மெஷின் வைத்துப் போடும்போது, அது பீம் கம்பியை வெட்டிக்கொண்டுதான் போகும்.